மெஷின் பங்கு

முதல் துண்டு மெஷினுக்கு. அந்தச் சோதனைக்கூடத்தில் இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். புதிதாக ஒரு உலோகம் வந்து சேர்ந்தால் அதிலிருந்து பதினாறு துண்டுகள் கடைந்தெடுப்பார்கள். முதலாவதை மாட்டி ஓடவிட்டு, பிடி இறுக்கமாக இருக்கிறதா, எடை நேராகத் தொங்குகிறதா, பேரிங் முனகுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அந்தத் துண்டு எத்தனை சுற்றில் முறிந்தாலும் கணக்கில் சேராது. 'மெஷின் பங்கு' என்று சொல்லி அதை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். மீதிப் பதினைந்துதான் அறிக்கைக்குப் போகும். நியாயமான வழக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

அங்கே பதினெட்டு வருடமாகத் துண்டுகளை முறித்துக்கொண்டிருந்தவளுக்கு அவளுடைய தம்பி வைத்த பெயர் முறிப்புக்காரி. "ஊர்ல எல்லாரும் உடைஞ்சதை ஒட்ட வைக்கிறாங்க. எங்க அக்காவுக்கு நல்லா இருக்கிறதை உடைக்கிறதுதான் வேலை. அதுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு வேற" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். அவளும் சிரித்துக்கொள்வாள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒரு கம்பியைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா, அதைத்தான் அவள் மெஷினை வைத்துச் செய்தாள். சுண்டுவிரல் நீளத்தில், நடுவில் இடுப்பு ஒடுங்கிய துண்டு. இரண்டு முனையையும் பிடித்து, எடையைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுழலவிட வேண்டும். பக்கத்தில் சுற்றுகளைக் கணக்கெடுக்கிற எண்ணி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். துண்டு முறிந்ததும் மெஷின் தானாக நிற்கும், எண்ணியில் இருப்பதை நோட்டில் எழுத வேண்டும்.

இதில் அவளை அலுக்காமல் வைத்திருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒரே உலையில் உருக்கி, ஒரே அச்சில் வார்த்து, ஒரே கடைசலில் கடைந்து, ஒரே எடையைத் தொங்கவிட்டாலும் ஒரு துண்டு முப்பது லட்சத்தில் போகும், அடுத்தது எண்பது லட்சம் வரைக்கும் நிற்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் ஆயுசு ஒன்று போல இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அதைச் சொன்னவர் சோறு வடித்துப் பார்த்திருக்கிறார், அலுமினியம் முறித்துப் பார்த்ததில்லை.

அந்த இடத்துக்குத் தலைவரான பொறியாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சராசரி. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "சராசரி என்ன வருது?" என்றுதான் கேட்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவரே வந்து மெஷின் பக்கத்தில் நிற்பார். கூட்டி வகுத்துவிட்டால் உலகத்தில் எல்லாம் சமமாகிவிடும் என்று நம்பினார், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் செயற்கைக்கால் செய்கிற கம்பெனி ஒன்று புதிய அலுமினியக் கலவை ஒன்றை அனுப்பி வைத்தது. கணுக்கால் மூட்டு அதில்தான் வார்க்கப் போகிறார்கள். பழைய எஃகு மூட்டில் பாதி எடைகூட இல்லை. முறிப்புக்காரி வழக்கம் போல முதல் துண்டை மெஷின் பங்காக ஓட்டினாள். அது ஐம்பத்திரண்டு லட்சம் சுற்று நின்றது. பிறகு வந்தவையும் நாற்பது, அறுபது, முப்பத்தொன்று என்று மரியாதையாக நின்றன. ஏழாவதை மாட்டிவிட்டு அவள் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. எண்ணியில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

அன்றைக்குப் பேரிங் கொஞ்சம் முனகியது உண்மை. அதைப் போய்ச் சொன்னாள்.

"பிடி சரியா விழுந்திருக்காதும்மா. மெஷின் பங்குல போட்டுரு" என்றார் சராசரி.

"சார், இது ஏழாவது."

"இருந்தா என்ன? முதல் பீஸ் நல்லாத்தானே ஓடுச்சு, அதை ஏழாவதா எழுதிக்கோ. இதை முதலாவதா ஆக்கிரு. அந்தக் கம்பெனிக்காரன் தினம் மூணு தடவை போன் பண்றான். ஒண்ணை எடுத்து ஒண்ணை வைக்கிறோம், கணக்கு குறையவா போகுது?"

அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஏழு ஒன்றானது, ஒன்று ஏழானது. பிடிதான் சரியில்லை என்று அவளும் நம்பினாள். நம்புவது வசதியாகவும் இருந்தது. துண்டு முறிந்த இடத்தை, முறிந்த முகம் என்பார்கள், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஆனால் மற்றத் துண்டுகளைப் போல அதை டப்பாவில் அப்படியே வீசவும் மனம் வரவில்லை. ஒரு தாளில் சுற்றி, மேலே '7' என்று எழுதி அடியில் வைத்தாள். அறிக்கையில் 'குறைந்தபட்சம் முப்பத்தொரு லட்சம்' என்று போனது. அதை வைத்து, அந்த மூட்டு ஐந்து வருடம் தாங்கும் என்று கம்பெனி அச்சடித்துக்கொண்டது.

அவளுடைய தம்பி கூரை வேலைக்காரன். ஓடு மாற்றுவது, தகரம் அடிப்பது, ஒழுகுகிற இடத்தைத் தேடிப் பிடித்து அடைப்பது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிடங்கில் லாரி பின்னால் வந்து சுவரோடு நசுக்கியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. முதலில் கொடுத்த எஃகுக் கால் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கூரையில் ஏற முடியவில்லை. மூன்று வருடம் கடைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தான். அவனைப் போன்ற ஆளுக்கு நாற்காலி ஜெயில். வாயாடியாக இருந்தவன் பேச்சையே குறைத்துக்கொண்டான், மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

புதிய கால் கடைக்கு வந்ததும் முதல் ஆளாக அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் முறிப்புக்காரிதான். "கண்ணை மூடிட்டுப் போடுடா. நானே முறிச்சுப் பார்த்த உலோகம்" என்றாள். அவன் அதை மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்தான். ஐந்தாவது நடையில் அவன் முகம் பழைய முகமாகிவிட்டது. அடுத்த மாதமே கூரை மேல் நின்றான். "என் கால் கேரண்டி கார்டு இதோ வருது பாரு" என்று அக்காவைக் கண்டால் சொல்லுவான். இரண்டரை வருடம் அப்படிப் போனது.

பிறகு ஒரு நாள் சோதனைக்கூடத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது.

உள்ளே ஒரு கணுக்கால் மூட்டு, இரண்டு துண்டாக. கூட இருந்த கடிதத்தில் விவரம் இருந்தது. உரியவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண்மணி, ஐம்பத்தோரு வயது. வேலை முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது கால் முறிந்து உருண்டிருக்கிறார். தலையில் அடி. மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது. முறிந்ததற்குக் காரணம் என்ன என்று பத்து நாளில் சொல்ல வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது.

முறிப்புக்காரி மூட்டின் முறிந்த முகத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். மேற்பரப்புக்குச் சற்று உள்ளே, ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. வார்க்கும்போது காற்று மாட்டிக்கொண்ட இடம். அங்கிருந்து கிளம்பி, மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம். அந்த அம்மாள் வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து வீட்டுக்கும் நடந்த நடையெல்லாம் அதில் வரி வரியாக இருந்தது.

அவள் எழுந்து போய்ப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அடியில் இருந்த தாள் சுருணையைப் பிரித்து, ஏழாவது துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே ஓட்டை. அதே இடம், அதே வளையம். பிடியும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, பேரிங்கும் பாவம் ஒரு தப்பும் செய்யவில்லை.

சராசரி வந்து இரண்டையும் பார்த்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினஞ்சுல ஒண்ணும்மா. மீதி பதினாலும் நல்லாத்தானே இருந்துச்சு."

"அந்த ஒண்ணு அந்த அம்மா கால்ல போய் உக்காந்திருச்சு சார். இன்னும் எத்தனை ஒண்ணு எங்கெங்க நடந்துட்டு இருக்கோ. நாலாயிரம் கால் வித்திருக்காங்க."

"இங்க பாரு, ஓரத்துல இடிபட்ட தடம் இருக்கு. எங்கேயோ மோதியிருக்காங்கன்னு எழுதலாம்."

"விழுந்தப்போ பட்ட தடம் சார் அது."

"முன்னாடி பட்டதா பின்னாடி பட்டதான்னு தடம் வாயைத் திறந்து சொல்லப் போகுதா?" என்று சொல்லிவிட்டு, அவரே அந்தப் பேச்சை விரும்பாதவர் போலக் கையை ஆட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த நோட்டுல இருக்கிறது யார் கையெழுத்து, தெரியுமில்ல?"

மிரட்டியதாகத் தெரியவில்லை, ஞாபகப்படுத்திய மாதிரிதான் இருந்தது. சொன்னால் வேலை போகும். விசாரணை வரும். வயதான அப்பாவும் கல்லூரியில் படிக்கிற மகளும் அவளை நம்பி இருந்தார்கள். 'பத்து நாள் இருக்கே' என்று நினைத்தாள். நினைத்த அடுத்த நிமிடமே அவளுக்குத் தம்பியின் கால் ஞாபகம் வந்தது.

கணக்குப் போட்டாள். அந்தக் காலில் ஒரு நாளைக்கு மூவாயிரம் அடி. இரண்டரை வருடத்துக்கு இருபத்தேழு லட்சம். மோசமான மூட்டாக இருந்தால் இந்நேரம் போயிருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த அம்மாளும் இரண்டேகால் வருடம் நடந்துதானே விழுந்தாள் என்று இன்னொரு மனம் சொன்னது. நாலாயிரம் பேரையும் அவள் மறந்துவிட்டாள் என்று சொன்னால் பொய். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று ஒரு பழமொழி தயாராக இருக்கிறது நம்மிடம், இந்த மாதிரி நேரத்தில் எடுத்துப் போர்த்திக்கொள்வதற்கு. அவளும் போர்த்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மறுநாள் வேலைக்காகக் கயிறுகளை முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க முறிப்புக்காரி. இன்னைக்கு எத்தனை உசுரு எடுத்தீங்க?" என்றான் தம்பி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "காலைக் கழட்டிக் குடுடா. சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"நல்லாத்தானே இருக்கு? ஏதாவது கோளாறா?"

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். ஏழாவது துண்டு, ரயில் நிலையத்து அம்மாள். தம்பி பயந்திருப்பான், திட்டியிருப்பான், கால் வேறு வருகிற வரைக்கும் வீட்டில் கிடந்திருப்பான். ஆனால் அவனிடம் சொன்னால் அவன் ஊரெல்லாம் சொல்லுவான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. அதோடு, 'நானே முறிச்சுப் பார்த்த உலோகம்' என்று சொன்ன வாய் அது. எப்படித் திறக்கும்?

"ஒரு கோளாறும் இல்லடா. ரெண்டு வருஷம் ஆச்சுன்னா ஒரு தடவை பார்க்கணும். வழக்கமா செய்யறதுதான். மூணு வாரத்துல குடுத்துடுவேன்."

"மூணு வாரமா! பள்ளிக்கூடத்துக் கூரை ஒத்துக்கிட்டிருக்கேன்க்கா. மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்."

"அதுவரைக்கும் மேல ஏறாதே. கீழ நின்னு ஆளை வச்சு வேலை வாங்கு."

"சரிங்க மேடம்" என்றான். அவன் 'மேடம்' என்றால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சமயத்தில் மேலே வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பான்.

தம்பி மனைவி அலமாரிக்கு மேலே இருந்து பழைய எஃகுக் காலை இறக்கினாள். தூசி தட்டிக்கொண்டே, "அப்பா, என்ன கனம் அண்ணி இது! இதைப் போட்டுட்டு இவர் மூணு வருஷம் நடந்தாரா?" என்றாள். தம்பி அதை வாங்கி மாட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு நடை நடந்து காட்டினான். டொக், டொக் என்று தரை அதிர்ந்தது. "மாமியார் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் முறிப்புக்காரி தம்பியிடமிருந்து வாங்கி வந்த புதுக்காலின் மூட்டை நடை மெஷினில் மாட்டினாள். அது வேறு மெஷின். பாதத்தை ஒரு பலகை மேல் வைத்து, ஒரு தண்டு மேலிருந்து அழுத்தும். ஒரு அழுத்து ஒரு அடி. நொடிக்கு இரண்டு. தம்பி ஒரு நாள் முழுக்க நடக்கிற நடையை அது இருபத்தைந்து நிமிடத்தில் நடந்துவிடும். மேலே 'பயிற்சி ஓட்டம்' என்று ஒரு அட்டையை ஒட்டி வைத்தாள். யாரும் கேட்கவில்லை.

அவள் தனக்குள் ஒரு பேரம் போட்டுக்கொண்டாள். இந்த மூட்டு முறிந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. முறியவில்லை என்றால் ஏழாவதும் அந்த அம்மாளுடையதும் அபூர்வத்திலும் அபூர்வம் என்று வைத்துக்கொள்வது. ஒரு துண்டு முறிந்தாலும் முறியாவிட்டாலும் நாலாயிரத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது என்பது அந்தக் கட்டடத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். ஆனாலும் வந்ததும் முதல் வேலையாக எண்ணியைப் போய்ப் பார்த்தாள், போகும்போதும் பார்த்தாள். ஒரு லட்சத்து எழுபதாயிரம். ஐந்து லட்சம். எட்டு லட்சம். ஒரு வரிகூட விழவில்லை. டொப், டொப், டொப் என்று யாரோ ஒரே இடத்தில் நின்று நடந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது.

இடையில் சராசரி இரண்டு தடவை வந்து அறிக்கையைக் கேட்டார். "எழுதிட்டு இருக்கேன் சார்" என்றாள். உண்மையில் முதல் வரிக்கு மேல் எழுதியிருக்கவில்லை. ஆறாம் நாள் தம்பிக்கு போன் செய்தாள். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"மேல ஏறலைதானே?"

"இல்லக்கா, கீழதான் நிக்கிறேன். காத்துதான் இங்க கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். கீழே நிற்கிறவனுக்கு என்ன காற்று? அவள் கேட்கவில்லை. 'இன்னும் ரெண்டு வாரம்தான்' என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, விழுந்துட்டாரு" என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான நடை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். தம்பி மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் தம்பியின் சட்டை, கைக்கடிகாரம், எஃகுக் கால். கூட வேலை பார்த்த ஆள் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தான். அவன்தான் நடந்ததைச் சொன்னான்.

"கூரை உச்சியில இருக்கிற ஓட்டு வரிசையைத் தாண்டினாருக்கா. தினம் தாண்டுற இடம்தான். கண்ணை மூடிட்டுத் தாண்டுவாரு. கால் அந்த அளவுக்கு மேல வரலை, நுனி தட்டிருச்சு. புடிக்கிறதுக்குள்ள..."

முறிப்புக்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டரை வருடமாக இலேசான காலுக்குப் பழகிய தொடை அது. எவ்வளவு தூக்க வேண்டும் என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் கனமான காலைத் தூக்கியிருக்கிறான், இரண்டு விரல்கடை குறைந்திருக்கிறது. அவள் குனிந்து பையிலிருந்து எஃகுக் காலை எடுத்தாள். பழக்க தோஷம், கை தானாக மூட்டைத் தடவிப் பார்த்தது. நுனியில் ஓட்டின் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. மற்றபடி அதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நர்ஸ் வந்து எழுப்பி உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அந்தப் புதுக்காலைக் கொண்டுவந்து குடுத்துடுங்க. அதைப் போட்டுத்தான் அவரை அனுப்பணும். இந்தக் காலோட வேண்டாம். இதைக் கண்டாலே அவருக்கு ஆகாது."

முறிப்புக்காரி சோதனைக்கூடத்துக்குப் போனாள். மத்தியானம் மூன்று மணி. எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். நடை மெஷின் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எண்ணியில் பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம். தம்பி நடந்த இருபத்தேழு லட்சத்துக்கு மேல், அவன் நடக்காத பதினான்கு லட்சம். அவள் விளக்கைப் பக்கத்தில் பிடித்து, லென்ஸை வைத்து மூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. இன்னும் ஒரு கோடி கேட்டாலும் நடந்திருக்கும்.

பதினெட்டு வருடத்தில் ஒரு துண்டையும் முறிவதற்கு முன்னால் அவள் நிறுத்தியதில்லை. சுவிட்சில் கை வைத்தவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நிறுத்தினால் தம்பி நடப்பதும் நின்றுவிடும் என்று பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. பிறகு நிறுத்தினாள். அந்த அறை அவ்வளவு நிசப்தமாகும் என்று அவள் நினைக்கவில்லை. நோட்டில் எண்ணை எழுதி, பக்கத்தில் 'முறியவில்லை' என்று எழுதினாள்.

அதே பேனாவோடு மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தாள். ஒன்றாவதை அடித்து ஏழு என்றும், ஏழாவதை அடித்து ஒன்று என்றும் திருத்தி, என்ன நடந்தது, யார் சொல்லி யார் எழுதியது என்று கீழே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். அந்தப் பக்கத்தையும், இரண்டு முறிந்த முகங்களின் படங்களையும் கம்பெனிக்கும், மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டரில் அனுப்பினாள். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று.

பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய்ச் சராசரியின் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் தம்பியின் சாவைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார். அனுப்பியதைக் கேட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் யோசிச்சுச் செஞ்சிருக்கலாமேம்மா" என்றார்.

"யோசிச்சதுலதான் சார் ஒம்பது நாள் போச்சு."

அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது தம்பி மனைவி அதே நாற்காலியில் இருந்தாள். முறிப்புக்காரி புதுக்காலை அவள் மடியில் வைத்தாள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பாதத்தைத் துடைத்தாள், கணுக்காலை மடக்கி நீட்டினாள்.

"இதுல என்னதான் கோளாறு இருந்துச்சு அண்ணி?"

"இதுல ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

முறிப்புக்காரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் பங்கிலிருந்து தொடங்கினாள். ஏழாவது துண்டைச் சொன்னாள், கிழித்த பக்கத்தைச் சொன்னாள், டிக்கெட் கொடுக்கிற அம்மாளைச் சொன்னாள், சர்வீஸ் என்று சொன்ன பொய்யைச் சொன்னாள். தம்பி மனைவி அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ காலை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இதே காலைப் போட்டுட்டு இன்னும் எத்தனை பேரு நடக்கிறாங்க?"

"நாலாயிரம் பேரு."

"அவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"சொல்றதுக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"இப்போதான். இதை எடுக்கப் போனப்போ."

"இன்னைக்கா?" என்றாள் தம்பி மனைவி. காலைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.